கூலி வாங்காத உபதேசியார்

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் காவி உடுத்தி அமர்ந்திருப்பவர்களுக்கு மதியச் சோறு எங்கிருந்து வரும் என்று ஊரில் யாரும் கேட்பதில்லை. வரும். யாராவது ஓர் அன்பர் ஆட்டோவில் சாம்பார் சாதம் கொண்டுவந்து இறக்குவார். ஏதாவது ஓர் ஆசிரமத்தில் ஒரு வேளை கிடைக்கும். பௌர்ணமி என்றால் பதினான்கு கிலோமீட்டருக்கும் அன்னதானப் பந்தல்தான். 1896 செப்டம்பர் 1-ஆம் தேதி இந்த ஊருக்கு வந்து சேர்ந்த வேங்கடராமன் என்ற பதினாறு வயதுப் பையன், பின்னால் ரமணர் என்று உலகம் அறிந்தவர், தெருவில் கையேந்தி உண்ட நாட்கள் உண்டு. ஆசிரமம் உருவான பிறகும் அதற்காக யாரிடமாவது போய்ப் பணம் கேட்பதை அவர் விரும்பியதில்லை. படைத்தவன் படியளப்பான் என்பதை இந்த மலையடிவாரத்துக்காரர்களுக்கு யாரும் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

கிறிஸ்தவர்களுக்கும் அது வேதத்தின் நடுநாயகமான பாடம். விதைக்காத அறுக்காத பறவைகளையும், உழைக்காத நூற்காத காட்டுப் பூக்களையும் காட்டி, நாளைக்காகக் கவலைப்படாதீர்கள் என்று மலைப்பிரசங்கத்தில் இயேசு சொன்னார். பஞ்ச காலத்தில் ஓடைக்கரையில் ஒளிந்திருந்த எலியா தீர்க்கதரிசிக்குக் காகங்கள் அப்பமும் இறைச்சியும் கொண்டுவந்த கதையை ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் அறிவார்கள். ஆனால் இந்தப் பொதுவான நம்பிக்கையிலிருந்து கிளைத்த ஒரு கடுமையான நெறி உண்டு. சம்பளம் வாங்குவதில்லை. சந்தா திரட்டுவதில்லை. கடன் வாங்குவதில்லை. என்ன தேவை என்பதை எந்த மனிதரிடமும் சொல்வதுமில்லை. கடவுளிடம் மட்டும் சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பது. இன்று தமிழ்ச் சபைகளில் ‘விசுவாச ஊழியம்’ என்று சொன்னால் இதைத்தான் சொல்கிறார்கள். அந்தச் சொல்லைச் சுமந்துகொண்டு மேடையில் காணிக்கை உறைகளைக் கேட்டு வாங்குபவர்களும் இருக்கிறார்கள் என்பதால்தான், அது முதலில் எப்படிப் பிறந்தது என்று எழுதத் தோன்றியது. அதற்கு வெள்ளைக்காரத் தகப்பன்மார் இருவர் உண்டு. ஆனால் அது தமிழ் மண்ணில் வேர் பிடித்த காரணம் வேறு. அந்தக் காரணத்தைக் கண்டவர் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த ஒரு தமிழர்.

தகப்பன்மார் கதையை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் எக்ஸிட்டர் நகரத்தில் ஆண்டனி நாரிஸ் குரோவ்ஸ் என்று ஒரு பல் மருத்துவர் இருந்தார். தொழிலில் நல்ல வருமானம். அவரும் மனைவி மேரியும் முதலில் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைக் கொடுத்தார்கள், பிறகு நான்கில் ஒரு பங்கை, பிறகு முழுவதையும். சேர்த்து வைப்பது கிறிஸ்துவின் சீடனுக்கு ஆகாது என்று 1825-இல் ஒரு சிறுநூல் எழுதினார். 1829-இல் எந்தச் சங்கத்தின் சம்பளமும் இல்லாமல் குடும்பத்தோடு பாக்தாத்துக்குப் போய்ச் சேர்ந்தார். 1831-இல் அந்த நகரத்தைக் கொள்ளைநோய் பிடித்தது. கூடவே வெள்ளம், முற்றுகை. மேரி இறந்தார், சில மாதங்களில் கைக்குழந்தையும் போயிற்று. கடவுள் பார்த்துக்கொள்வார் என்ற நெறியை வகுத்தவர் வீட்டிலேயே முதலில் சாவு விழுந்தது. இந்தக் கதையைச் சொல்பவர்கள் இதைத் தாண்டிப் போய்விடக் கூடாது. குரோவ்ஸும் தாண்டிப் போகவில்லை. தம் துயரத்தை நாட்குறிப்பில் எழுதினார், நெறியை விடவில்லை.

மேரி குரோவ்ஸ் என்ற அதே பெயர்கொண்ட அவருடைய தங்கை 1830-இல் ஜார்ஜ் முல்லர் என்ற ஜெர்மானிய இளைஞரை மணந்தார். முல்லர் அப்போது டைன்மவுத் என்ற கடற்கரை ஊரில் ஒரு சிறு சபையின் போதகர். ஆண்டுக்கு 55 பவுண்டு சம்பளம். அந்தச் சம்பளம் ஆலயத்தில் இருக்கைகளுக்கு வசூலித்த வாடகையிலிருந்து வந்தது. பணம் உள்ளவனுக்கு நல்ல இருக்கை, இல்லாதவனுக்குக் கடைசி மூலை. இது யாக்கோபின் நிருபத்துக்கே விரோதம் என்று முல்லருக்குப் பட்டது. சம்பளத்தை விட்டார். ஆலயத்தில் ஒரு பெட்டியை வைத்தார், விருப்பமுள்ளவர்கள் போடலாம். 1836-இல் பிரிஸ்டல் நகரத்தில் ஒரு வாடகை வீட்டில் அனாதைப் பிள்ளைகளுக்கு இல்லம் தொடங்கினார். பிற்பாடு ஆஷ்லி டவுன் மேட்டில் ஐந்து பெரிய கட்டடங்கள் எழுந்து, ஒரே நேரத்தில் இரண்டாயிரம் பிள்ளைகள் அங்கே உண்டு படித்தார்கள். 1898-இல் அவர் சாகும் வரை பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் வளர்ந்தார்கள். யாரிடமும் பணம் கேட்டதில்லை. ஆனால் பணம் எப்படி எப்படி வந்து சேர்ந்தது என்று ஆண்டுதோறும் அறிக்கை அச்சிட்டார்; அதைப் படித்தவர்கள் அனுப்பினார்கள். இதுவும் ஒருவகைக் கேட்பதுதானே என்று சிலர் சொன்னதுண்டு. அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். பிள்ளைகளைக் காப்பதைவிட, கடவுள் இன்றும் ஜெபத்துக்குப் பதில் சொல்கிறார் என்று ஊருக்குக் காட்டுவதே தம் முதல் நோக்கம் என்று முல்லரே வெளிப்படையாக எழுதியிருக்கிறார்.

முல்லருக்கு இந்த எண்ணத்தை ஊட்டிய ஊர் ஜெர்மனியின் ஹாலே. அங்கே பிராங்கே என்பவர் பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய அனாதை இல்லத்தின் நிழலில்தான் முல்லர் கல்லூரியில் படித்தார். தமிழ் நூல்களை அச்சேற்றிய சீகன்பால்குவும் அதே ஹாலேயில் படித்து 1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கியவர். ஆக இந்த நெறி நம் கரைக்கு வருவதற்கு ஏறத்தாழ 130 ஆண்டுகளுக்கு முன்பே அதன் பாட்டன் வீட்டோடு நமக்கு உறவு உண்டு.

1833-இல் பாக்தாத் வழியாக இந்தியா திரும்பிக்கொண்டிருந்த ஒரு பொறியாளரோடு குரோவ்ஸ் கப்பலேறி பம்பாய் வந்தார். அந்தப் பொறியாளர் ஆர்தர் காட்டன், கொள்ளிடத்திலும் கோதாவரியிலும் அணை கட்டியவர். குரோவ்ஸ் தெற்கே இறங்கிப் பாளையங்கோட்டை வரை வந்தார். அங்கே ரேனியஸ் ஐயர் இருந்தார். 1820-இலிருந்து திருநெல்வேலிச் சீமையில் ஊர் ஊராகச் சபைகளை எழுப்பிய பிரஷ்யக்காரர். அவருடைய செமினரியில் பதினைந்து வயதில் சேர்ந்து படித்த ஓர் இளைஞரை குரோவ்ஸ் தமக்குத் துணையாகவும் மொழிபெயர்ப்பாளராகவும் அழைத்துக்கொண்டார். உக்கிரன்கோட்டையில் 1810-இல் பிறந்த ஜான் கிறிஸ்தியான் அருளப்பன் அவர்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். அந்தக் காலத்தில் கிராமச் சபைகளை நடத்தியவர்கள் உபதேசியார்கள். ஜெபம் நடத்துவது, பிள்ளைகளுக்கு எழுத்தறிவிப்பது, சாவுக்கும் கல்யாணத்துக்கும் முன்னிற்பது, வெள்ளைக்கார ஐயர் வருகிறபோது கணக்குக் காட்டுவது எல்லாம் அவர்கள் வேலை. மாதச் சம்பளம் மிஷனிலிருந்து. மிஷனுக்குப் பணம் லண்டனிலிருந்து. அந்தக் கயிறு எவ்வளவு இறுக்கமானது என்று 1835-இல் தெரிந்துபோயிற்று. இங்கிலாந்துச் சபையின் ஒழுங்குகளை ரேனியஸ் ஐயர் விமர்சித்தார் என்பதற்காக மிஷன் சங்கம் அவரை நீக்கியது. எங்கோ கடல் கடந்த ஒரு நகரத்துக் குழு தீர்மானம் போட்டது. இங்கே சபைகள் இரண்டுபட்டன. ரேனியஸோடு போகிறவர்கள் ஒரு பக்கம், சங்கத்தோடு நிற்கிறவர்கள் ஒரு பக்கம். யாரை நம்புவது என்பதோடு, நாளைக்கு யார் படியளப்பது என்பதும் சேர்ந்துகொண்டது. அருளப்பனுக்கு அப்போது வயது 25. 1838-இல் ரேனியஸ் ஐயர் காலமானார்.

குரோவ்ஸ் 1836-இல் திரும்பவும் இந்தியா வந்து சென்னையில் தங்கி, பிறகு சித்தூருக்குப் போனார். நிலம் வாங்கிப் பயிர் செய்து, பட்டுப்பூச்சி வளர்த்து, அதில் வரும் வருமானத்தில் ஊழியம் நடத்தலாம் என்று பார்த்தார். அருளப்பன் அவரோடு மொழிபெயர்ப்பு வேலைகள் செய்தார். 1840-இல் அருளப்பன் விடைபெற்றார். பழனி மலைகளை ஒட்டிய மதுரைச் சீமைப் பக்கம், ஜனநெருக்கம் மிகுந்த ஊர்களின் நடுவே, தாமாக வேலை தொடங்கப் போவதாகச் சொன்னார். குடும்பஸ்தர். பல இடங்களிலிருந்து அவரைச் சம்பளத்துக்கு அழைத்தார்கள், எதற்கும் போகவில்லை. தமக்குச் செய்து கொடுக்கும் மொழிபெயர்ப்புக்காவது மாதம் இவ்வளவு என்று வைத்துக்கொள்ளும்படி குரோவ்ஸ் கேட்டார். அதையும் அருளப்பன் மறுத்தார். இந்த நாட்டுக்காரர்கள் வழக்கமாக இப்படிச் செய்ய மாட்டார்களே என்று குரோவ்ஸ் ஆச்சரியப்பட்டு எழுதினார். அந்த ஆச்சரியத்தில் அக்கால வெள்ளைக்காரரின் குறுகிய பார்வை ஒட்டியிருக்கிறது. ஆனாலும் அருளப்பன் சொன்ன காரணத்தை அவர் எழுதி வைத்ததற்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். சம்பளம் வாங்கினால், கூலிக்குப் பிரசங்கிக்கிறான் என்று சனங்கள் சொல்லிக்கொண்டே இருப்பார்கள் என்பதுதான் அந்தக் காரணம்.

கூலிக்கு மாரடிப்பவர்களை நன்றாக அறிந்த சமூகம் நம்முடையது. இழவு வீட்டில் ஒப்பாரி வைக்கக் காசு கொடுத்து ஆள் கூட்டி வருவார்கள். அழுகை உரக்கக் கேட்கும். அழுகிறவளுக்கு இறந்தவர் யாரென்றே தெரியாது. வெள்ளைக்காரன் பணத்தில் வெள்ளைக்காரன் சாமியைப் பற்றிப் பேசும் தமிழனை மதுரைச் சீமையின் சம்சாரி அந்தக் கண்ணோடுதான் பார்த்திருப்பான். குரோவ்ஸுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அவர் சம்பளம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அவரைத் துரை என்றுதான் மக்கள் பார்த்தார்கள். முல்லருக்கும் இல்லை; அவர் தம் சொந்தச் சபை நடுவில் வாழ்ந்தார். சேர்த்து வைக்கக் கூடாது என்று குரோவ்ஸ் சொன்னார். ஜெபம் கேட்கப்படும் என்பதற்குச் சாட்சி வேண்டும் என்று முல்லர் சொன்னார். கேட்கிறவன் என் சொல்லை நம்ப வேண்டுமானால் என் சோறு இன்னொருவன் கையில் இருக்கக் கூடாது என்று அருளப்பன் கண்டார். மூவரும் கைக்கொண்டது ஒரே நெறி. மூன்று காரணங்களில் அருளப்பனுடையதே எனக்கு மிகவும் ஆழமானதாகத் தெரிகிறது. அதில் பக்தியோடு மானமும் இருக்கிறது. ஆள்கிறவன் மதத்தை ஆளப்படுகிறவன் பேச வேண்டியிருந்த காலத்தில், அந்த மானம் இல்லாமல் பக்தியை யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

அவர் நிறுவிய ஊர் கிறிஸ்தியான்பேட்டை. மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில், இன்றைய விருதுநகர் மாவட்டத்து வத்திராயிருப்புப் பக்கம். நிலத்தில் உழைத்து உண்ணும் குடும்பங்களாகச் சபை அமைந்தது. நண்பர்கள் விரும்பி அனுப்பிய கொடைகளை அவர் வாங்கிக்கொண்டார்; இத்தனை என்று பேசி வைத்துக்கொள்ளவில்லை. கால்நடையாகப் போய்ப் பிரசங்கித்தார், துண்டுப் பிரசுரங்களைத் தமிழாக்கினார், நாட்குறிப்பு எழுதினார். 1860-இல் அவர் வட்டாரத்தில் தொடங்கிய பெரிய ஆவிக்குரிய எழுப்புதல் திருநெல்வேலி எங்கும் பரவிப் பின்னர் திருவிதாங்கூர் வரை எட்டியது. அதைக் கிளப்பியவர்கள் கூலிக்காரர்கள் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. 1867-இல் அருளப்பன் காலமானார். அவருடைய நாட்குறிப்புகளைக் கொண்டு லேங் என்ற ஆங்கிலேயர் 1939-இல் ஒரு நூல் வெளியிட்டார். அவரைப் பற்றிய விவரங்கள் பெரும்பாலும் அந்த நூல் வழியாகவே பிற்காலத்தவருக்குக் கிடைத்தன. திருநெல்வேலித் திருச்சபை வரலாற்றில் அவருக்கு இன்னும் பெரிய இடம் கிடைத்திருக்க வேண்டும்.

ஆசிரியராகிய குரோவ்ஸின் சித்தூர்ப் பண்ணையோ அவரைக் கடனில் கொண்டுபோய்விட்டது. கடன் வாங்காதே என்று போதித்தவர் கடைசிக் காலத்தில் கடன் சுமையால் அல்லல்பட்டார். 1853-இல் பிரிஸ்டலில் மைத்துனர் முல்லர் வீட்டில் இறந்தார்.

அடுத்த தலைமுறையில் இந்த நெறி தோன்றிய இடம் டோனாவூர். களக்காட்டுப் பக்கம் மலையடிவாரத்தில் இருக்கும் அந்த ஊரும் ரேனியஸ் ஐயர் காலத்ததுதான். டோனா என்ற பிரஷ்யப் பிரபு அனுப்பிய பணத்தில் 1827-இல் அமைந்ததால் அந்தப் பெயர். அருளப்பன் படித்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அதே ஐயர் கையால், ஒரு செல்வரின் கொடையில் எழுந்த ஊர், எழுபது ஆண்டு கழித்துக் கேளாமல் வாழும் ஒரு பெரிய குடும்பத்துக்கு வீடாயிற்று.

ஏமி கார்மைக்கேல் 1867-இல் அயர்லாந்தில் பிறந்தார். அருளப்பன் மறைந்த ஆண்டு அது. பெல்ஃபாஸ்ட் நகரத்து ஆலைத் தொழிலாளிப் பெண்களுக்காக ஒரு மண்டபம் கட்ட நினைத்தபோதே, வசூலுக்குப் போகாமல் ஜெபித்துக் காத்திருந்தார்; 500 பவுண்டு வந்தது. 1895-இல் இந்தியா வந்தார். 1901 மார்ச்சில், கோயிலுக்கு விடப்பட்டுத் தப்பி ஓடிவந்த ஒரு சிறுமி பண்ணைவிளையில் அவரிடம் வந்து சேர்ந்தாள். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள், பச்சைக் குழந்தைகளும் வந்தார்கள். அவர் சேர்ந்திருந்த மிஷன் சங்கத்திடம் பிள்ளை வளர்ப்புக்கு நிதி எதுவும் இல்லை. அவருடைய சொந்தச் செலவுக்கு மட்டும் இங்கிலாந்திலிருந்து பணம் வந்தது. பிள்ளைகளுக்காக வசூல் செய்வதில்லை என்று முடிவு செய்தார். டோனாவூரில் வேலை செய்ய வந்தவர்களுக்குச் சம்பளம் கிடையாது, வெள்ளைக்காரர் என்றாலும் தமிழர் என்றாலும். வீட்டில் சித்தி, அக்காள், அண்ணாச்சி என்றே ஒருவரையொருவர் அழைத்தார்கள். விதவையான பொன்னம்மாள் என்ற தமிழ்ப் பெண் அந்தக் குடும்பத்தின் தூண். நெய்யூரில் வைத்த கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொண்டவர் அவர்தான். 1905-இல் நோய் பரவிப் பல குழந்தைகள் இறந்தார்கள். 1915-இல் பொன்னம்மாளும் போனார். 1918-இல் ஆண் பிள்ளைகளையும் சேர்த்தார்கள். 1925-இல் ஏமி சங்கத்தை விட்டு விலகினார். டோனாவூர் ஐக்கியம் தனி அமைப்பாயிற்று. ஆஸ்பத்திரியும் ஜெப வீடும் எழுந்தன. 1951-இல் அவர் இறந்தபோது கல்லறைக் கல் வைக்க வேண்டாம் என்று சொல்லியிருந்ததால், பறவைகள் நீர் குடிக்கும் ஒரு தொட்டியை வைத்து அம்மாய் என்று மட்டும் பொறித்தார்கள்.

பிள்ளைகளைக் காப்பது பிச்சைக்கு உரிய காரியம் அல்லவா, கேட்டால் என்ன குறை என்று ஒருவர் நியாயமாகவே கேட்கலாம். அந்தப் பிள்ளைகள் ஏற்கெனவே ஒருமுறை விலை பேசப்பட்டவர்கள் என்பதை நினைத்தால் எனக்குப் பதில் கிடைக்கிறது. அவர்களுடைய துன்பத்தை இன்னொருமுறை விலைக்கு வைக்க வேண்டாமே.

அடி அண்ணாமலையிலிருந்து வடமேற்கே போனால் திருப்பத்தூர். அங்கே 1921-இல் சவரிராயன் ஜேசுதாசன், எர்னஸ்ட் ஃபாரெஸ்டர் பேட்டன் என்ற இரண்டு மருத்துவர்கள் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். பெரியண்ணன் என்று அழைக்கப்பட்ட ஜேசுதாசன் தமிழர், சின்னண்ணன் என்று அழைக்கப்பட்ட பேட்டன் ஸ்காட்லாந்துக்காரர். கதர் உடுத்தி, மணம் புரியாமல், சம்பளமில்லாமல் நோயாளிகளைப் பார்த்தார்கள். சின்னண்ணன் கம்பளி நூல் ஆலை வைத்திருந்த செல்வக் குடும்பத்தில் பிறந்தவர். அந்தச் செல்வம் ஆசிரமத்துக்கு உதவிற்று. கடவுள் படியளக்கும்போது யாருடைய மரக்காலால் அளக்கிறார் என்று பார்ப்பதும் நம்பிக்கைக்கு விரோதமில்லை. முல்லருக்கு அறிக்கை படித்தவர்கள், ஏமிக்கு இங்கிலாந்து நண்பர்கள், இவர்களுக்குக் கம்பளி ஆலை. காகம் கொண்டுவந்த அப்பமும் யாரோ ஒருவர் வீட்டு அடுப்பில் சுட்டதாகத்தான் இருக்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் அருளப்பனின் காரணம் மறுபடி மேலே வருகிறது. கொடுக்கிற கை எப்போதும் கடல் கடந்தே இருந்தால், கேட்காமல் வாங்கினாலும் சனங்கள் பார்வையில் அது கூலியாகத்தான் படும். 1903 பிப்ரவரி 12-ஆம் தேதி பாளையங்கோட்டையில் சில திருநெல்வேலித் தமிழர்கள் கூடி இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கினார்கள். வேதநாயகம் சாமுவேல் அசரியா முன்னின்றார். இந்திய ஆள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்பது அவர்கள் வைத்த விதி. அவர்கள் தேவையை மறைக்கவில்லை. சபைகளில் வெளிப்படையாகச் சொன்னார்கள். முல்லருடைய அளவுகோலில் இது வேறு வழி. ஆனால் அருளப்பன் பயந்த பழிச்சொல்லுக்கு இதைவிட நேரான பதில் இல்லை. தமிழ்ச் சபைகளில் பழகிப்போன பிடி அரிசிக் காணிக்கையின் முறை அதுவே. சோறு வடிக்க உலையில் அரிசி போடும் முன் ஒரு கைப்பிடியைத் தனிக் கலயத்தில் போட்டு, ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் கொண்டுவந்து கொட்டுவது. பனையேறிக் குடும்பத்துத் தாயார் தன் பிள்ளைகளின் பங்கில் ஒரு பிடி குறைத்து, முகம் தெரியாத ஒரு ஊழியருக்குப் படியளந்தாள்.

அந்தச் சங்கத்தின் முதல் களம் தெலுங்கு நாட்டு தோர்ணக்கல். அங்கே கிறிஸ்தவர்களானவர்கள் மாலா, மாதிகா சாதிகளைச் சேர்ந்த பரம ஏழைகள். பலர் நிலமில்லாத கூலியாட்கள். 1912 டிசம்பரில் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரான அசரியா, இவர்களிடமிருந்து எதுவும் வாங்க வேண்டாம், பாவம் என்று சொல்லவில்லை. நீங்களும் கொடுங்கள் என்று கற்பித்தார். அதைப் பற்றித் தனி நூலே எழுதினார். கஞ்சிக்கு வைத்திருந்த தானியத்திலிருந்து அவர்களும் ஒரு பிடி எடுத்துவைத்தார்கள், கோழியும் முட்டையும் ஆலயத்துக்குக் கொண்டுவந்தார்கள். அவர்களுடைய உபதேசியார் அதில் உண்டார்.